கொடிக்கம்பத்தில் காய்ந்த சேலை

விளாங்குடியில் நான் குடியிருக்கும் தெருவைப் போன வாரம் தோண்டிப் போட்டுவிட்டார்கள். நன்றாக இருந்த சிமெண்ட் ரோடு. நன்றாக என்றால், என்னுடைய பழைய டூ வீலரே முனகாமல் போகிற அளவுக்கு நன்றாக. அதைப் பெயர்த்து எறிந்துவிட்டு பேவர் பிளாக் பதிக்கிறார்கள். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நல்லா இருக்குற ரோட்ட எதுக்குங்க ஒடைக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"நம்ம தெரு பூனைத் தெரு. அதான்" என்றேன்.

அவள் தெருவின் இரண்டு பக்கமும் பூனையைத் தேடினாள். ஒரு நாய்தான் ஜல்லிக் குவியலின் மேல் படுத்திருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என் நகைச்சுவைக்கு அவளிடமிருந்து கிடைத்துவரும் வரவேற்பு இதுதான்.

எனக்குத்தான் அங்கேயே நிற்கத் தோன்றியது. புது ஜல்லியின் வாசனை வந்தால் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு மண்வாசனை, எனக்கு ஜல்லி வாசனை.

எழுமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு இன்னும் ஒரு பங்கு வீடு இருக்கிறது, அதை விற்க வேண்டியிருக்கிறது. மெயின் ரோட்டுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஓர் ஓடை. வெயில் காலத்தில் அது வெறும் மணல். நாங்கள் கிரிக்கெட் ஆடுவோம். ஐப்பசியில் மலைப்பக்கம் மழை பிடித்தால் இடுப்பளவுக்குச் செந்தண்ணீர் ஓடும். அப்போது ரோட்டுக்குப் போக வேண்டுமானால் கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

மற்றவர்களுக்கு அது சிரமம். என் அக்காவுக்கு அது பிழைப்பு. அக்காவும் மச்சானும் தெருவுக்குப் பின்னால் குத்தகை நிலத்தில் மல்லிகை போட்டிருந்தார்கள். விடியுமுன் தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டாகப் பறிப்பார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் மெயின் ரோட்டில் பூ வண்டி வந்து ஹாரன் அடிக்கும். அதில் மூட்டையை ஏற்றினால் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மொட்டாகவே போய் இறங்கும். வண்டியை விட்டால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவை எந்தப் பெண்ணும் தலையில் வைக்க மாட்டாள். செண்ட் கம்பெனிக்காரன் எடுத்தால் உண்டு. இதில் கொடுமை, மழைக் காலத்தில்தான் பூ குறைந்து விலை ஏறும். பூவுக்கு நல்ல விலை இருக்கிற நாளில்தான் ஓடையிலும் தண்ணீர் இருக்கும்.

ஒரு சின்னப் பாலம் இருந்தால் போதும். அக்கா வாழ்க்கையில் அரசாங்கத்திடம் கேட்டது அது ஒன்றுதான்.

எங்கள் தெருக்காரர்கள் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் உழைத்து, அடுத்தவர் நிலத்திலேயே குடிசை போட்டிருந்தவர்கள். அப்பாவின் காலத்தில் ஒரு கட்சியின் ஆட்சியில் வீட்டுமனைப் பட்டா கிடைத்தது. அந்த நன்றியில் அன்றிலிருந்து தெருவே ஒரே சின்னத்தில் குத்திக்கொண்டிருந்தது. ஓட்டு மிஷின் வந்த பிறகும் பெருசுகள் "குத்திட்டு வாரேன்" என்றுதான் கிளம்புவார்கள். மிஷினில் வேறு பொத்தான்களும் இருப்பதைப் பலர் கவனித்ததே இல்லை.

எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு நாங்கள் ராசியான தெரு. ஒவ்வொரு தேர்தலுக்கும் பிரசாரத்தை எங்களிடமிருந்துதான் தொடங்குவார். சித்திரை வெயிலில் ஜீப்பை ரோட்டில் விட்டுவிட்டு, ஓடை மணலில் நடந்து வருவார். பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள். அக்கா தன் தோட்டத்துப் பூவிலேயே மாலை கட்டி வைத்திருப்பாள்.

அப்படி ஒரு சித்திரையில், ஆரத்தித் தட்டைக் கீழே வைத்ததும் அக்கா கேட்டுவிட்டாள். "ஐயா, ஓடையில ஒரு பாலம் கட்டிக் குடுங்கய்யா."

"எந்த ஓடை தங்கச்சி?"

"நீங்க நிக்கிறதுதாங்கய்யா."

அவர் குனிந்து பார்த்தார். காலுக்குக் கீழே மணலும், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பும், எங்கள் கிரிக்கெட் ஸ்டம்பும் இருந்தன. அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. தேர்தல் சித்திரையில் வருகிறது, தண்ணீர் ஐப்பசியில் வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை.

"கட்டிருவோம்" என்றார். "நம்ம தெருவுக்கு இல்லாததா? நீங்க நம்ம ஆளுக!"

எங்களுக்குப் புல்லரித்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே புல்லரித்தது. அப்போது எழுமலையில் ஜெராக்ஸ் கடையும் பேனர் டிசைனும் வைத்திருந்தேன், வரவேற்பு பேனர் என் கைவண்ணம். என்னிடம் ஒரே ஒரு கும்பிடு போடும் உடம்புதான் கணினியில் இருந்தது. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் அந்த உடம்பில் அவர் தலையை ஒட்டி, துண்டின் நிறத்தை மாற்றிவிடுவேன். எங்கள் வட்டாரத்தின் எல்லா அரசியலுக்கும் ஒரே கழுத்துதான்.

தேர்தல் முடிந்தது. அவர் ஜெயித்தார். அதன் பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மேட்டுத் தெருவில் வேலைகள் நடக்க ஆரம்பித்தன. முதலில் பயணிகள் நிழற்குடை வந்தது. அந்த இடத்தில் பஸ் நிற்காது; ஆனாலும் நிழற்குடை வந்தது. நெற்றியில் அவர் பெயர், பஸ்ஸில் போகிறவன் கண்ணாடி போடாமலே படிக்கலாம். ஆடுகள் நிழலுக்கு ஒதுங்கின. பிறகு ஹைமாஸ் விளக்கு வந்தது. பிறகு நாடக மேடை வந்தது, அதன் தூணிலும் அவர் பெயர். ஒவ்வொன்றுக்கும் மேட்டுத் தெருவின் சார்பில் நன்றி பேனர் அடித்துக் கொடுத்தது நான்தான். தொழில் தர்மம்.

நாலு வருஷத்தில் எங்கள் ஓடையில் ஒரு கூடை ஜல்லி கூட விழவில்லை.

எங்கள் தெருவிலேயே கட்சியின் பூத் ஏஜெண்டாக ஓர் அண்ணன் இருந்தார். எல்லா வீட்டின் ஓட்டும் அவருக்கு மனப்பாடம். சொந்தப் பிள்ளைகளின் பிறந்த நாள்தான் மறந்துபோகும். மழை பிடித்த ஒரு காலையில், பூ வண்டியை விட்டுவிட்டு அக்கா டீக்கடைப் பக்கம் மூட்டையோடு நின்றிருந்தாள். நானும் பூத் அண்ணனும் உள்ளே உட்கார்ந்திருந்தோம்.

"ஏண்ணே, அம்புட்டு ஓட்டும் போடுறது நாங்க. அம்புட்டு வேலையும் நடக்குறது மேட்டுத் தெருவுலயா?" என்று கேட்டேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "மாப்ள, உனக்கு வெவரம் பத்தல. நம்ம தெரு கெட்டித் தெரு. அவுக மதில்மேல் பூனை. இந்தப் பக்கமும் குதிப்பாக, அந்தப் பக்கமும் குதிப்பாக. பால யாருக்குய்யா வைப்பான்? பூனைக்குத்தான வைப்பான்?"

"அப்ப நாங்க?"

"நாம வீட்டு ஆளுக. கட்டுன பொண்டாட்டிக்கு எவன்டா தெனம் பூ வாங்கிக் குடுக்குறான்?"

வெளியில் நின்ற அக்கா திரும்பினாள். "குடுக்குறவனும் இருக்கான்ணே. எங்கிட்டதான் வாங்குறான். நீங்க ஒருநா வாங்கிப் பாருங்க, மதினிக்கு மயக்கமே வந்துரும்."

டீக்கடையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாலம் கேட்டேன் மாப்ள. ரெண்டு வாட்டி கேட்டேன். ஓடைக்குள்ள கட்டுனா ரோட்ல போறவனுக்குப் பேரு தெரியுமான்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

அக்கா மூட்டையை அவிழ்த்துப் பார்த்தாள். மேலிருந்த பூவெல்லாம் வெள்ளையாக விரிந்து கிடந்தது. அத்தனை மணம். விரிந்த பூவின் மணத்தைப் போல வயிற்றெரிச்சல் தருவது எதுவும் இல்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று மதியமே நான் ஒரு மகத்தான திட்டம் தீட்டினேன். பூனைக்குத்தான் பால் என்றால், நாமும் பூனையாகிவிடுவது. எதிர்க்கட்சிக் கொடிக்கம்பம் ஒன்றைத் தெரு முனையில் நட்டுவிட்டால் எம்.எல்.ஏ. ஆடிப்போவார், பாலம் தானாக வரும். தெரு இளவட்டங்களைக் கூட்டி, ராணுவத் தளபதி மாதிரி மணலில் குச்சியால் படமெல்லாம் போட்டு விளக்கினேன். அதில் கம்பம் எது, ஓடை எது என்று எனக்கே பாதியில் குழம்பிவிட்டது.

கம்பத்துக்குக் குறைவில்லை. போர் போட்டபோது மிஞ்சிய பழைய பைப்பு கிடந்தது. உச்சியில் கப்பி வைத்து, கயிறும் மாட்டி, பட்டப்பகலில் குழி தோண்டி நட்டோம். கொடிக்கும் என்னிடம் துணி இருந்தது. ஏற்றப் போகும் நேரத்தில் அப்பா வந்து நின்றார். பின்னால் அவர் வயதுப் பெருசுகள் நாலைந்து பேர்.

"என்னடா துணி அது?" என்றார் அப்பா.

சொன்னேன்.

"அந்தக் கொடி இந்தத் தெருவுல ஏறுனா, நான் பட்டாவத் தூக்கிக்கிட்டுப் பழைய கொல்லைக்கே குடிசை போடப் போறேன். நீயே இரு ராசா இங்க."

அப்பாவின் கண் கலங்கியிருந்தது. என்னுடைய இளவட்டப் படை ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டது; அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தாகம். கடைசியில் மச்சான்தான் சமாதானம் பேசினார். "மாமா, கம்பம் நட்டது நட்டதா இருக்கட்டும். கொடி வேணாம். வெறுங் கம்பத்துக்குக் கட்சி இல்லைல?"

இப்படியாகத்தான் எங்கள் தெருவில் மொட்டைக் கம்பம் நின்றது.

பூத் அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மாப்ள, என்ன கொடிடா ஏறப் போகுது?"

"தெரியலண்ணே."

"யாரு நட்டா?"

"எல்லாரும் சேர்ந்துதாண்ணே."

"எதுக்கு?"

"கொடிக்கம்பம்ணே. கொடிக்குத்தான்."

அவருக்குத் தூக்கம் போயிற்று. ஆனால் எம்.எல்.ஏ.விடம் சொல்லவில்லை. கொடி இல்லாத கம்பத்தைப் பற்றி என்னவென்று சொல்வது? வாரங்கள் ஓடின. பாலமும் வரவில்லை, யாரும் ஆடிப்போகவும் இல்லை. கம்பத்தில் காக்கா உட்கார்ந்தது. நான் தெருவில் நடந்தால் "தளபதி வாராரு, வழிய விடுங்க" என்று சத்தம் வரும். அப்பாதான் முதலில் கூப்பிட்டார்.

ஐப்பசி பிறந்து மழை வலுத்தது. இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு ஒரு மத்தியானம் வெயில் எட்டிப் பார்த்தது. அக்கா வீட்டில் துணியெல்லாம் ஈரம். முந்தின வாரம் வேலியில் போட்டிருந்த சேலையின் முந்தானையைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டிருந்தது. அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆடு எட்டாத உயரம் தெருவில் ஒன்றுதான் இருந்தது. சேலையின் ஒரு முனையைக் கயிற்றில் கட்டி, கப்பியை இழுத்து, கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிவிட்டாள்.

அது மச்சான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலை. உடம்பு ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். காற்றில் அது விரிந்து படபடத்தபோதுதான் நான் பார்த்தேன். எதிர்க்கட்சிக் கொடியேதான். அச்சு அசலாக அதே இரண்டு நிறம்.

"அக்கா, என்னக்கா பண்ணி வச்சிருக்க?"

"துணி காயப்போட்டிருக்கேன்."

"அது கொடிக்கம்பம்க்கா!"

"அதத்தான்டா நானும் சொல்றேன். கொடின்னா துணி காயப்போடத்தான?"

பைக்கில் மெயின் ரோட்டில் வந்துகொண்டிருந்த பூத் அண்ணன் அதைப் பார்த்தார். வண்டியை ஓரங்கட்டக்கூட இல்லையாம். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே போன் போட்டாராம்.

மறுநாள் விடியற்காலையில் எம்.எல்.ஏ. வந்துவிட்டார். உசிலம்பட்டிப் பக்கம் ஏதோ முகூர்த்தத்துக்குப் போகிற வழியில் வந்தார் என்று பின்னால் சொன்னார்கள். வழியே இல்லாத எங்கள் தெருவுக்கு எப்படி அது வழியானது என்று யாரும் கேட்கவில்லை. இரவு மலையில் பெய்த மழையில் ஓடை கரை முட்டி ஓடியது. அந்தக் கரையில் பூ வண்டி நின்று ஹாரன் அடித்தது. அதன் பின்னால் அவருடைய கார். இந்தக் கரையில் தலையில் மூட்டையோடு அக்கா, பக்கத்தில் நானும் மச்சானும். எங்களுக்குப் பின்னால் கம்பத்தில் சேலை. மழையில் நனைந்து மறுபடியும் ஈரமாகி, சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் வேட்டியை மடித்துக்கொண்டு கரை வரை வந்து நின்றுவிட்டார். தண்ணீரையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த ஓடையில் அவர் தண்ணீரைப் பார்த்தது அன்றுதான்.

"தங்கச்சி!" என்று கத்தினார். "என்ன கொடி அது?"

"துணி காயப்போடுற கொடிங்கய்யா!"

"கம்பத்துலயா?"

"கீழ போட்டா ஆடு திங்கிதுங்கய்யா!"

"நம்ம தெரு தங்கச்சி இது!"

"நம்ம தெருதாங்கய்யா! நடுவுல தண்ணிதான் நிக்கிது!"

பூ வண்டிக்காரர் எம்.எல்.ஏ.வுக்காகக் கொஞ்சம் பொறுத்தார். அதுவே பெரிய மரியாதை. பிறகு கடைசியாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அக்கா மூட்டையை இறக்கி, வாயை அவிழ்த்து, இரண்டு கையிலும் பூவை அள்ளித் தூக்கிக் காட்டினாள். பாதி விரிந்திருந்தது. "உங்களுக்கு மால கட்டுறதெல்லாம் இந்தப் பூவுலதாங்கய்யா. இன்னைக்குச் செண்டுக்குப் போகுது!" என்றாள்.

அவர் பக்கத்தில் நின்ற பூத் அண்ணனிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். அது என்னவென்று பிறகு அவரே எங்களிடம் சொன்னார்.

"இவுக இன்னும் நம்ம ஆளுகதானான்னு கேட்டாரு மாப்ள."

"நீங்க என்ன சொன்னீக?"

"சந்தேகந்தாண்ணேன்னுட்டேன்." சொல்லும்போதும் அவர் தரையைத்தான் பார்த்தார். ஆயுசுக்கும் கட்சிக்காகக் கணக்குப் பிசகாமல் சொன்ன மனிதர், எங்கள் தெருவுக்காக ஒரே ஒரு தடவை பிசகாகச் சொன்னார்.

தை பிறப்பதற்குள் இன்ஜினியர் வந்தார். ஜல்லி வந்தது. தேர்தல் தேதி அறிவித்து நடத்தை விதி வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்று மிஷின் வைத்து வேலை நடந்தது. பெயர்ப் பிரச்சினையை நான் தீர்த்துவைத்தேன்: பாலத்தின் தலைமாட்டில் ரோட்டைப் பார்த்து ஒரு வளைவு கட்டி அதில் எழுதிவிடலாம் என்று இன்ஜினியரிடம் சொன்னேன். கட்டினார்கள். பாலத்தைவிட வளைவு பெரியது. திறப்பு விழா அன்று பூ வண்டி வளைவுக்குள் நுழைந்து, பாலத்தில் ஏறி, அக்கா வீட்டு வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அந்த ஹாரனை அப்படி ரசித்துக் கேட்ட தெரு தமிழ்நாட்டில் வேறெதுவும் இருக்காது.

அடுத்து தேர்தல் வந்தது. நான் வீடு வீடாகப் போய் விளக்கினேன். "பாலம் வந்தது பூனையானதாலதான். ஒரு பத்துப் பேராவது மாத்திக் குத்துங்க. இல்லாட்டி திரும்பக் கெட்டித் தெருவாகிருவோம். தெருவுக்கு ரோடு வேணாமா? லைட்டு வேணாமா?"

மச்சானே ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு கட்டுன பாலத்து மேலயே நடந்து போயி, அவருக்கு எதிரா குத்துறதா? காலு கூசாதாடா?"

"ரகசிய ஓட்டு மச்சான்!"

"பாலத்துக்குத் தெரியும்ல."

மொத்தத் தெருவும் பாலத்தில் நடந்து போய் பழைய பொத்தானையே அழுத்திவிட்டு வந்தது. நானா? நான் கொள்கையோடுதான் உள்ளே போனேன். விரல்தான் பழகிய இடத்துக்குப் போய்விட்டது. மேட்டுத் தெரு நிழற்குடையில் ஒதுங்கி, ஹைமாஸ் வெளிச்சத்தில் பேசி, நாடக மேடையில் கூடி யோசித்து, எதிர்க்கட்சிக்குப் போட்டது. அப்படியும் அவர்தான் ஜெயித்தார். ஜெயித்ததும் மேட்டுத் தெருவுக்குச் சமுதாயக் கூடம் கொடுத்தார்.

பிறகு கும்பிடு உடம்போடு கடையை மதுரைக்கு மாற்றிக்கொண்டு நான் விளாங்குடிக்கு வந்துவிட்டேன். அப்பாவும் பூத் அண்ணனும் இப்போது இல்லை. எம்.எல்.ஏ. அவரேதான்; வருஷம் ஆக ஆகத் தலைமுடி மட்டும் கறுத்துக்கொண்டே வருகிறது. எங்கள் தெருவில் இன்னும் ரோடு இல்லை. பாலம் இருக்கிறது. அக்காவின் பூ ஒரு நாளும் செண்டுக்குப் போகவில்லை.

போகவில்லை என்றுதான் நேற்று வரை நினைத்திருந்தேன். நேற்று அக்கா போன் செய்தாள். போன மழையில் பாலத்தின் ஒரு பக்கம் மண் அரித்துக் கைப்பிடிச் சுவர் சரிந்துவிட்டதாம். பூ வண்டிக்காரர் மேலே ஏறப் பயப்படுகிறாராம்.

"சொல்லிப் பாத்தீங்களாக்கா?"

"சொன்னோம். நம்ம தெருவுக்கு இல்லாததான்னாக."

போனில் பின்னால் யார் வீட்டு ஆடோ கத்தியது.

"கம்பம் இருக்காக்கா?"

"இருக்கு. கயிறுகூட புதுசு மாத்திட்டேன். அந்தச் சேலதான்டா நைஞ்சு போச்சு. வரும்போது அதே கரையில ஒண்ணு எடுத்துட்டு வா. நல்லா அகலமான கரையா."

இன்று காலை கீழவாசல் பக்கம் பாய் கடைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த கடைதான். கடைத் திறப்புக்குப் பேனர் அடித்துக் கொடுத்திருக்கிறேன். போனில் இருந்த எதிர்க்கட்சிப் பேனரைக் காட்டி, இந்த இரண்டு நிறத்தில் சேலை வேண்டும் என்றேன். பாய் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சேலைகளை எடுத்து விரித்தார். ஒன்று சரியாக அமைந்தது. நான் அதைத் தூக்கிப் பிடித்து, மின்விசிறிக் காற்றில் எப்படிப் பறக்கிறது என்று பார்த்தேன்.

"இது சாயம் போகும் தம்பி, மொதவே சொல்லிர்றேன்" என்றார். "ஊட்டம்மா கட்டுறதுக்குன்னா வேற நல்லதா காட்டுறேன்."

"கட்டுறதுக்கில்ல பாய்" என்றேன். "காயப்போட."